ஆவாரம்பட்டையில் ஊறிய கால்

மாவுக்கட்டை வெட்டும் கத்தரி தையல்காரரிடம் இருப்பதைப் போல இருக்காது. வேலியை நறுக்குகிற கத்தரி மாதிரி நீளமான கைப்பிடியோடு இருக்கும். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் கட்டுப் போடும் அறையில் என்னை ஒரு மேசைமேல் உட்காரவைத்து, வலது காலைத் தலையணைமேல் நீட்டிவைத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் நுனிவரை வெள்ளை மாவுக்கட்டு. வெள்ளை என்பது அதைப் போட்ட அன்றைய நிறம். ஒரு மாதத்துக்கும் மேலாக என்னோடு ஆம்பூரில் குடித்தனம் செய்ததில், டிகாக்ஷன் கம்மியான காப்பியின் நிறத்துக்கு வந்திருந்தது.

என் மனைவி சரோஜா பக்கத்தில் நின்றாள். என் நண்பர் கவுஸ் பாயை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அதனால் அவருடைய உடம்பு தாழ்வாரத்திலும் தலை மட்டும் அறைக்குள்ளும் இருந்தது.

கட்டுக்குள்ளே, பெருவிரலுக்கு அடியில், ஒரு புண் இருந்தது. அது மூடியிருந்தால் காலோடு வீடு திரும்பலாம். மூடாமல் எலும்பைத் தொட்டிருந்தால் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று வலியை வைத்தாவது யூகிக்கலாமே என்றால், வலி இல்லை. வலிக்காததுதான் என் வியாதி.

"ஆடாம இருங்க" என்று கத்தரியை எடுத்தார் டாக்டரம்மா.

"வெட்டுப்பட்டாலும் இவருக்குத் தெரியாதும்மா. நீங்கதான் பார்த்து வெட்டணும்" என்றாள் சரோஜா.

கத்தரி முதல் கடி கடித்தது. அது மெதுவாகத்தான் கீழே இறங்கும். அதற்குள் நான் ஏன் அந்த மேசைமேல் ஏறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் முறைப்படி சொன்னால்தான் எனக்கும் நிம்மதி.

கவுஸ் பாயின் செருப்பு

சர்க்கரை வியாதி எனக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரமே எழுதிவிட்டேன். அதில் ஒரு திருத்தம். இடது காலில் எரிச்சல் தொடங்கியது என்று எழுதியிருந்தேன். வலது கால் என்று இருந்திருக்க வேண்டும். பத்திரிகையைப் படித்த சரோஜா, "உங்க கால் எதுன்னே உங்களுக்குத் தெரியலயே" என்றாள்.

எரிச்சலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் உள்ளங்காலில் தேய்த்தது போல இருக்கும். போர்வை பட்டால் ஆகாது. ஈரத்துணி சுற்றினால் கொஞ்சம் அடங்கும். பிறகு எறும்புகள் வந்தன. காலில் சாரை சாரையாக ஏறுவது போலிருக்கும். விளக்கைத் தூண்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சில மாதங்கள் கழித்து எறும்புகளும் போய்விட்டன. வியாதி தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டு, சர்க்கரைப் பொங்கல் செய்யச் சொன்னேன். செய்யவில்லை.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பதனிட்டு உலர்த்திய ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து, கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவுவேன். எங்கே கத்தி பட்டிருக்கிறது, எந்த ஆட்டை உண்ணி கடித்திருக்கிறது, எது மெலிவு, எது கனம் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே தரம் சொல்வான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

தரம் பிரிக்கும் அறையில் தோல்களைத் தரையிலும் அடுக்கியிருப்போம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் மாலை வேலை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன்.

தோல் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று பார்ப்பார்கள். அன்று எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்: "இன்னா சார், புது மாடலா?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் என் செருப்பு. வலது காலில் வேறு யாருடையதோ. அது கறுப்பு, என்னுடையது பழுப்பு. அது என் காலைவிட ஒரு விரற்கடை நீளம். பெருவிரல் வளையம் வேறு வாட்டம். அதைப் போட்டுக்கொண்டு பாதி ஊரைக் கடந்திருக்கிறேன். கை சொன்னதையெல்லாம் நம்பிப் பிழைக்கிறவனுக்குக் கால் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வீட்டை அடைந்த கொஞ்ச நேரத்தில் கவுஸ் பாய் வந்தார். அவருடைய ஒரு காலில் கறுப்புச் செருப்பு. கையில் என் பழுப்புச் செருப்பு.

"இன்னா தோஸ்த், என் ஜோடியைப் பிரிச்சு இட்டுக்கினு வந்துட்டியே."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என் காலைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. செருப்பின் வார் உரசி, என் பாதத்தின் மேற்புறம் தோல் வழன்றிருந்தது. நான் அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் கால் மரத்துப்போனால் முதலில் நினைவுக்கு வருவது சர்க்கரை அல்ல, பெருவியாதி என்கிற தொழுநோய். சர்க்கரை காலுக்கும் இறங்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுநாள் குளிக்கும்போது, உடம்பில் எங்காவது வெளுத்த தேமல் இருக்கிறதா என்று தேடினேன். பிறந்ததிலிருந்து தோளில் இருக்கும் மச்சம் ஒன்றுதான் இருந்தது. அது நல்ல கறுப்பு. ஆனாலும் அன்று பார்த்தபோது கொஞ்சம் வெளுத்துவிட்டது போலத்தான் தோன்றியது.

கவுஸ் பாயும் அதே பயத்தில்தான் இருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அதனால்தான் டாக்டரிடம் போ என்று சொல்லாமல், தானே வைத்தியத்தில் இறங்கினார்.

பட்டைத் தண்ணி

கவுஸ் பாய் ஷாப்பில் குழி மேஸ்திரி. சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்த தோல் ஆவாரம்பட்டைக் குழியில் ஊறி வெளியே வருவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வாதாடிய விதம் இது.

"ஆவாரம்பூ கஷாயம் குடிக்கிறியா இல்லியா?"

"குடிக்கிறேன்."

"சக்கரைக்கு நல்லதுன்னுதானே?"

"ஆமா."

"பூவுக்கே அவ்ளோ பவர்னா பட்டைக்கு எவ்ளோ ஜாஸ்தி இருக்கும்? நம்ம குழி ஆளுங்களைப் பாரு. பொழுதுக்கும் பட்டைத் தண்ணியிலதான் நிக்கிறான். எவனாச்சும் கால் மரத்துப் போச்சுன்னு சொல்லிக் கேட்டுக்கிறியா?"

கேட்டதில்லைதான். அவர்கள் எதைப் பற்றியும் முறையிட்டு நாங்கள் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஊரில் பாதிப்பேர் ஆவாரம்பூ குடிக்கிறார்கள். பாதிப்பேர் ஆவாரம்பட்டையால் பிழைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் வியந்தேன்.

வைத்தியம் முறைப்படி தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே தோலைக் காரமான பட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. போட்டால் மேல்பக்கம் இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். முதலில் காரம் போன பழைய தண்ணீர், நாள் ஆக ஆகப் புதுத் தண்ணீர். என் காலுக்கும் அதே வரிசைதான். தினமும் சாயங்காலம் கவுஸ் பாய் ஒரு மண்பானையில் பட்டைத் தண்ணீர் அனுப்புவார். கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு, ஒரு காலைப் பானைக்குள் விட்டுக்கொண்டு செய்தித்தாள் படிப்பேன். ஏனோதானோ என்று செய்யவில்லை. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அடுத்தது கடுக்காய்த் தண்ணீர். நிறம் எடுப்பாக வரும் என்பதற்காகத் தோலை அதில் போடுவார்கள். என் காலுக்கு எடுப்பான நிறம் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டைக்கு அடுத்தது கடுக்காய், அவ்வளவுதான். கடைசியில், தோல் உலரும்போது வெடிக்காமல் இருக்க எண்ணெய் விடுவார்கள். புங்க எண்ணெய் வந்தது.

உள்ளங்கால் கறுத்து, தடித்து, பலகை மாதிரி ஆயிற்று. கவுஸ் பாய் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஷாப்பில் தோலை அப்படித்தான் அழுத்திப் பார்ப்பார்.

"நல்ல பதம். இனிமே முள்ளு குத்தினாலும் முள்ளுதான் ஒடையும்."

சரோஜா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இன்னா பாக்கி, பாய்? முத்திரை குத்தி, கட்டுல சேர்த்து மெட்ராசுக்கு அனுப்ப வேண்டியதுதானே."

"அனுப்பினா சீமை வரைக்கும் போவும்மா, இந்தக் காலு."

வெற்றிலைக் கறை

பதனிட்ட தோல் எண்ணெய் போதாமல் போனால் மடங்குகிற இடத்தில் வெடிக்கும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நடக்கும்போது உள்ளங்கால் மடங்குகிற இடம் பெருவிரலுக்கு அடியில் இருக்கிறது. இது எங்கள் இருவருக்கும் தோன்றாத விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சரோஜா சிமெண்டுத் தரையை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அறையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து நாற்காலிக்கும் நடந்து, உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன்.

"யாரு இங்க வெத்தலை துப்பினது?" என்று அவள் குரல் வந்தது.

"நான் வெற்றிலை போடுவதை விட்டு வருஷமாகிறது" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னேன்.

"அப்ப இது இன்னா? இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு." கறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கறை என் நாற்காலிக்குக் கீழே, வலது காலுக்கு அடியில் இருந்தது. காலைத் தூக்கியவள், அதே துணியால் உள்ளங்காலையும் துடைத்துப் பார்த்தாள்.

வெடிப்புக்குள் ஒரு செருப்பு ஆணி இருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எதையும் குறித்துவைக்கிறவனுக்கு இது ஒரு பெரிய குறை.

தகவல் தெரிந்ததும் கவுஸ் பாய் ஷாப்பின் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். தோல் கட்டுகளை ஏற்றுகிற வண்டி. அதில் என்னை உட்காரவைத்து பஸ் நிற்கும் இடம்வரை தானே தள்ளிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரே கேள்வி: "இன்னா பாய், சரக்கு எந்த ஊருக்கு?" வேறொரு நாளாக இருந்தால் ஆளுக்கு ஒரு பதில் கொடுத்திருப்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். பதிலை நான்தான் சொன்னேன்: "வேலூருக்கு, ரிப்பேருக்கு."

டாக்டரம்மாவின் சிரிப்பு

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சில் தெற்கத்தி வாடை. பஞ்சு நுனியால் தொட்டார், ஊசியால் குத்தினார், அதிர்கிற இரும்புக் கவை ஒன்றைக் கணுக்காலில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே பாதிவரை பதில் சொன்னேன். அதற்குக் கீழே அவர் என்ன செய்தார் என்று தெரியாது.

நான் கேட்க நினைத்ததைச் சரோஜாதான் கேட்டாள். "அந்த வியாதியாம்மா?"

"இல்ல. தேமல் எதுவும் கிடையாது. ரெண்டு காலும் ஒரே மாதிரி மரத்திருக்கு. சர்க்கரைதான் நரம்பைக் கெடுத்திருக்கு."

கதவோரத்தில் கவுஸ் பாய் பெருமூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது.

"ஆனா கால் ஏன் இந்த நிறத்துல இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். பழைய தண்ணீர், புதுத் தண்ணீர், கடுக்காய், புங்க எண்ணெய். அவர் முதலில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் கேட்டார். கடுக்காய்க்கு வந்தபோது வாயைக் கையால் மூடிக்கொண்டார். எண்ணெய்க்கு வந்தபோது எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆட்டுக்கு வலிக்காது சார், அது செத்துப்போச்சு. நீங்க இன்னும் நடக்கணும். உயிருள்ள தோலுக்கு இறுக்கம் ஆகாது, அது ஈரமா இருக்கணும்."

பிறகு சிரிக்காமல், புண் மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொன்னார். புண் ஆறாததற்குக் காரணம் நான் அதன்மேல் நடப்பதுதான். வலி இருக்கிறவன் நொண்டுவான், நொண்டினால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். எனக்கு அந்த வசதி இல்லை. அதனால் மாவுக்கட்டு. பெருவியாதிக்காரர்களின் மரத்த கால்களுக்கு இப்படிக் கட்டுப் போட்டுத்தான் புண்ணை ஆற்றக் கற்றுக்கொண்டோம் என்றார். நான் பெயர் சொல்லப் பயந்த அந்த நோயாளிகளிடமிருந்து கற்ற வைத்தியம்தான் என் காலுக்கும் வந்து சேர்ந்தது.

நீலம், பச்சை, செங்கல்

கட்டோடு வீட்டில் இருந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

காலையில் சிறுநீர்ச் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. நிறம் பார்ப்பதில் நான் கொஞ்சம் தேர்ந்தவன். "இது பச்சையில் சேராது, பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில்" என்பேன். சரோஜா, "ஆட்டுத்தோலா இது, தரம் பிரிக்க? இட்லி ஒண்ணு கம்மி" என்பாள்.

பிறகு இன்சுலின். ஊசியையும் கண்ணாடிக் குழலையும் வெந்நீரில் கொதிக்கவைத்து, சரோஜாவே போடக் கற்றுக்கொண்டாள். இத்தனை தோல்களைப் பார்த்த கவுஸ் பாய், ஊசியை எடுத்தாலே தெருப்பக்கம் போய்விடுவார்.

நான் ஷாப்புக்குப் போக முடியாததால் ஷாப்பு வீட்டுக்கு வந்தது. தள்ளுவண்டியில் தோல் கட்டுகள் வந்து இறங்கின. கட்டிலில் காலை உயர்த்தி நீட்டிக்கொண்டு, மடியில் பலகை வைத்துத் தரம் பிரித்தேன். வீடு முழுக்கப் பட்டை வாசனை. சமைத்த குழம்பிலும் அதே வாசனை வருவதாகச் சரோஜா சொன்னாள். கவுஸ் பாய் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலியே என்றார்.

ஆனால் அவருக்கு ஒரு பேஜார் இருந்துகொண்டேயிருந்தது. தினமும் கிளம்பும்போது மாவுக்கட்டைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாள் வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"கால் போய்ட்டா இன்னா பண்ணுவே தோஸ்த்?"

"பாதி விலைக்கு ஒத்தைச் செருப்பு வாங்குவேன்."

"நான் கேலிக்குக் கேக்கல."

"தெரியும் பாய். பானையில கால் வெச்சது நான்தானே? நீங்க ஒண்ணும் புடிச்சு உள்ள அமுக்கலியே."

கவுஸ் பாய் கிளம்பிப் போனார். மறுநாளிலிருந்து கூடுதலாக ஒரு வேலை செய்தார். என் வீட்டுச் செருப்புகள் எல்லாவற்றையும் கவிழ்த்து உதறி, உள்ளே கையை விட்டுத் தடவி, தலைநீட்டிய ஆணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார். சரோஜாவின் செருப்பையும் விடவில்லை.

மேசைமேல்

கத்தரி கணுக்காலைத் தாண்டி விரல் பக்கம் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா இரண்டு கையாலும் கட்டை விரித்தார். காய்ந்த பலாப்பழம் பிளப்பது போல ஒரு சத்தம். உள்ளேயிருந்து வந்த வாடையை நான் வர்ணிக்கப்போவதில்லை. கவுஸ் பாயின் தலை ஒரு கணம் வெளியே போய்த் திரும்பி வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொறங்க. நீங்க பார்க்கலன்னா வேற எதால தெரிஞ்சிப்பீங்க?" என்றாள் சரோஜா.

திறந்தேன். டாக்டரம்மா ஈரப் பஞ்சால் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டையும் கடுக்காயும் ஏற்றிய கறுப்பெல்லாம் செதில் செதிலாகக் கழன்று பஞ்சோடு வந்தது. பெருவிரலுக்கு அடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். விரலால் சுற்றிலும் அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். எனக்குத் தெரிந்தவர்களிலேயே மிக மெதுவாகத் தரம் பிரிப்பவர் அவர்தான்.

"மூடிடுச்சு" என்றார்.

புண் இருந்த இடத்தில், நகம் அளவுக்கு, ரோஜா நிறத்தில் புதுத்தோல் இருந்தது.

"இன்னா ஆச்சும்மா?" என்றது வாசலில் இருந்த தலை.

"கால் இருக்குது பாய்" என்றாள் சரோஜா.

தலை மறைந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சு கிறீச்சிடும் சத்தமும், அதைத் தொடர்ந்து யாரோ நெடுநேரம் மூக்கைச் சிந்தும் சத்தமும் கேட்டன.

டாக்டரம்மா பஞ்சு நுனியை எடுத்து உள்ளங்காலில் தொட்டார். "தெரியுதா?"

"இல்லை."

"வராது சார். உணர்ச்சி இனிமே திரும்பும்னு காத்துட்டு இருக்காதீங்க. கால் செய்யுற வேலையைக் கண்ணு செய்யணும். தினம் ஒரு தடவை, விரல் இடுக்கு உட்பட. குனிய முடியலன்னா அவங்க பார்க்கட்டும். அடியில மெத்துன்னு ரப்பர் போட்ட செருப்பு, ஆணி இல்லாம தைச்சது, எழுதித் தரேன்."

தோல் ஊர்க்காரன் ரப்பர் மிதிப்பதா என்று கேட்க வாயெடுத்தேன். சரோஜாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் அதைத்தான் மிதிக்கிறேன். டீக்கடைக்காரர் பார்க்காதது போல நடித்துப் பழகிவிட்டார்.

டாக்டரம்மா கை கழுவப் போனார். சரோஜா அந்த நிமிஷமே வேலையில் சேர்ந்துவிட்டாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கத்தரிக்காயில் புழு பார்ப்பது போல ஒவ்வொரு விரலையும் விலக்கிப் பார்த்தாள். குதிகாலைப் பார்த்தாள். பிறகு அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆள்காட்டி விரலால் உள்ளங்கால் நெடுகக் கிச்சுகிச்சு மூட்டினாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"தெரியுதா?"

"தெரியல."

"பின்ன ஏன் சிரிக்கிறீங்க?"

"நீ பண்றதைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

அவள் இன்னொரு தடவை செய்தாள்.